பத்து வினாடி ஓட்டம்

என் கணவரின் பழைய டிஜிட்டல் கேமராவோடு எனக்குப் பல வருடப் பகை. குடும்பப் படம் என்றால் அதை எதன் மீதாவது வைத்து, டைமரை அழுத்திவிட்டு, "பத்து செகண்டுதான், அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டே எங்களிடம் ஓடி வருவார். ஊரே பார்க்கும். எனக்கு மானம் போகும்.

போன மாதம் கடலூர் சில்வர் பீச்சுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அதன் சார்ஜரை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டேன். வீடெல்லாம் தேடிவிட்டு அவர் வெறுங்கையோடு வந்தார். கடற்கரையில் என் புது செல்போனில் மகளோடு சேர்ந்து செல்ஃபி எடுத்தோம். பளிச்சென்று இருந்தது.

"பாத்தீங்களா, இதுக்குப் போயி ஓடணுமா?" என்றேன்.

மறுவாரம் அண்ணாமலை நகரில் மகளின் ஹாஸ்டலுக்குப் போனேன். அறைச் சுவரில் பழைய கேமராவில் எடுத்த படம் ஒன்றை ஒட்டியிருந்தாள். வேட்டியைப் பிடித்தபடி பாதி ஓட்டத்தில் அவர். பக்கத்தில் மகள் சிரிக்கிறாள். அவளைவிட வாய்விட்டுச் சிரிப்பது நான்.

"பீச்சுல எடுத்தத ஒட்டலையாடி?"

"அதுல நல்லாத்தான் இருக்கோம்மா. ஆனா யாருமே சிரிக்கலையே."

வீடு திரும்பியதும் சார்ஜரை எடுத்துக் கொடுத்து உண்மையைச் சொன்னேன்.

"அடிப்பாவி!" என்றார், அவ்வளவுதான்.

மகள் ஊருக்கு வந்த ஞாயிறு, டைமரை நானே அழுத்திவிட்டு ஓடினேன். பத்து வினாடி எனக்குப் போதவில்லை. படத்தில் என் முந்தானை மட்டும்தான் இருக்கிறது. அப்பாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அதைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன்.