சரோஜா அக்காவின் பாறை

வேங்கிக்கால் பூங்காவில் ஒரு கல்லூரிப் பெண், ஊர்க்காரர்களே சேர்ந்து இணையத்தில் வரையும் வரைபடத்தில் பிள்ளைகள் விளையாடும் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். "ஊஞ்சல் ரெண்டு, சறுக்குமரம் ஒண்ணு" என்று செல்போனில் தட்டினாள். நான் சறுக்குமரத்தில் கை வைத்தேன். வெயிலில் தகரம் சுட்டது.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையும் இப்படித்தான் சுடும். சரோஜா அக்கா பனைமட்டையில் முன்னால் உட்காருவாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் சறுக்குவேன். "எத்தினி டவுசர்டா தைக்கிறது?" என்று அம்மா கத்துவாள்.

"அடி அண்ணாமலையில ஒரு சறுக்குப் பாற இருந்துச்சு. அதையும் போடும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"இப்ப இருக்கறதத்தான் போட முடியும் ஐயா. எங்க இருக்கு, காட்டுங்க."

அவள் நீட்டிய செல்போன் வரைபடத்தில் விரலை வைத்தேன். அங்கே என் லாட்ஜின் பெயர் இருந்தது. மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் நாலு மாடி கட்டினேன். பாறைக்கு வெடி வைத்து, அந்தக் கல்லிலேயே அஸ்திவாரம் போட்டேன். பௌர்ணமி கிரிவலத்துக்கு ஒரு ரூம் காலி இருக்காது.

திறப்பு விழாவுக்கு வந்த அக்கா, கட்டடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய் நின்று, "டேய், நம்ம பாற எங்கடா?" என்றாள். நான் பெருமையாக அவளை லிஃப்டில் ஏற்றினேன்.

இப்போது அக்காவும் இல்லை. அந்தப் பெண் கிளம்பிய பிறகும் சுடும் தகரத்திலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.