அவள் சொன்னால் காதில் விழுகிறது

அன்று மயிலாப்பூர்க் கிளை நூலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நூலகர் சார், கவுண்டருக்குப் புதிதாக வந்த பெண், பேப்பர் படிக்க வரும் பென்ஷன் மாமா, நொச்சிக்குப்பம் மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் கல்லூரி மாணவி, வாசலில் பை சோதிக்கிற நான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை.

மாணவி வெளியே போகும்போது சார் கண்ணைக் காட்டினார். அவள் பையைக் கொட்டினேன். டிபன் டப்பா, சீப்பு, நோட்டு. பின்னாலேயே மாமா உப்பிய மஞ்சள் பையோடு போனார். சார் நிமிரவில்லை, என் கையும் நீளவில்லை.

“சார், மாமா பைய ஏன் பாக்கலை?” என்றாள் புதுப்பெண்.

“அவரையா? அவரைப் போய்...” பாதியில் நிறுத்தினார் சார். முகம் மாறிவிட்டது. “கரெக்டும்மா. எனக்குத் தோணவே இல்லை பார்.”

மறுநாளே எல்லார் பையும் வாசல் அலமாரியில், ஆளுக்கொரு டோக்கன். மாமா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். மாணவி, “இன்னாக்கா, இன்னிக்கு கொட்டலியா?” என்று சிரித்தபடி உள்ளே போனாள்.

எங்கள் குப்பத்துப் பெண் தலைநிமிர்ந்து போகிறாள். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. இதே வார்த்தையை நான் எப்போதோ சொல்லியிருந்தேன். வேலை போய்விடுமோ என்று நாலு ராத்திரி தூங்காமல் யோசித்துச் சொன்னேன். “எங்க புள்ளைங்க பைய மட்டும் இன்னாத்துக்கு சார்?” என்று. “டீ வாங்கிட்டு வா” என்றார் சார்.

பொறுக்கமாட்டாமல் புதுப்பெண்ணிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் நேரே சாரிடம் போய் நின்றாள்.

“அப்படியா? நீ சொல்லவே இல்லையேம்மா” என்றார் அவர் என்னைப் பார்த்து. பொய்யில்லை. உண்மையாகவே அவர் காதில் விழவில்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது.

அவள் விடவில்லை. “சனிக்கிழமை எனக்கு லீவு. கவுண்டர்ல அக்கா உக்காரட்டுமே சார்.”

“எட்டாவதோட நின்னவ. புஸ்தகப் பேர் எழுத வராதே.”

“எழுதச் சொல்லிப் பாத்தேளா?”

சார் ஒரு தடிப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். அதன் பேரை எழுதினேன். இரண்டு தரம் படித்துவிட்டு, தேதி முத்திரையை என்னிடம் தந்தார்.

எத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்ட நாற்காலி அது. இப்போதும் அவளை நினைத்தால் நன்றிக்கு முன்னால் பொறாமைதான் வருகிறது. அவள் படிப்புக்காக இல்லை, நிறத்துக்காக இல்லை. அவள் எதையும் ஒரு தடவை சொன்னால் போதும்.