பதினெட்டு சரியாகத்தான் இருந்தது

தாம்பரத்திலிருந்து மூன்று நாள் சுற்றுலா. அகழாய்வு நடந்த இடங்களையும் சுற்றியுள்ள கிராமங்களையும் பார்க்க வேனில் பதினெட்டுப் பேர் போனோம். நான் ரிட்டயர்டு டீச்சர் என்பதால், ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணும் வேலையை கைடு என்னிடம் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் மதியம், அகழாய்வுக் குழிகளைப் பார்த்துவிட்டு ஏறினோம். நேரமாகிறதே என்ற அவசரத்தில் முகம் பார்க்காமல் எண்ணினேன். பதினெட்டு. "எல்லாரும் வந்தாச்சு, போலாம் சார்!"

கால் மணி நேரம் போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு அம்மா, "எங்க ஊரு வந்துடுச்சு, நிறுத்துப்பா" என்றார். போகிற வழிதானே என்று டிரைவர் ஏற்றிக்கொண்ட உள்ளூர்க்காரராம். அப்படியானால் நம்மில் யார் குறைவு? திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டே வரும் என் கணவரைக் காணோம்! அவருடைய போனும் சுகர் மாத்திரையும் என் கைப்பையில்.

வேன் திரும்பிப் போய்ச் சேரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழியோரம் ஒரு மர நிழலில் உட்கார்ந்திருந்தார். "முப்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்தவளுக்கு நான் மட்டும் கண்ணுல படலையா?" என்றார்.

இப்போது எங்கே போனாலும் நான் தலை எண்ணுவதில்லை. பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். முதல் பேர் அவருடையது. பக்கத்து சீட்டில் இருந்தாலும் கையைத் தூக்கி, "உள்ளேன் டீச்சர்" என்கிறார்.