அரக்கு நிறமும் அறுபது பக்கமும்

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் இணையதளம் செய்து தரும் சுகாசினிக்கு டேபிள்தான் எல்லாம். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறத்தைத் தனித்தனியாக எழுதுவாள். ஸ்டைல்ஷீட் என்று யாராவது பேச்செடுத்தால், "வேல வெட்டி இல்லாதவங்க பண்றது" என்பாள்.

2004இல் பட்டுக்கடைக்காரர் சிட்டிபாபு வந்து சேர்ந்தார். அறுபது பக்கத் தளம். முடித்துக் காட்டியதும், "அரக்கு நல்லாத்தான் இருக்குதுமா. இதையே மயில்கழுத்து கலர்ல காட்டேன்" என்றார். தன் கடையில் அதே வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனிதர், முதல்முறையாக அதைச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். விடுவாரா?

"ரெண்டு நாள் ஆகும் சார்" என்றவள், அறுபது பக்கத்திலும் கட்டம் கட்டமாக மாற்றினாள். அடுத்து மாம்பழ மஞ்சள் கேட்டார். இன்னும் இரண்டு நாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டைல்ஷீட்டுக்கு மாறினாள். இப்போது நிறமெல்லாம் ஒரே கோப்பில்; அங்கே ஒரு வரியை மாற்றினால் அறுபது பக்கமும் மாறிவிடும்.

அந்தப் பெருமையை அவர் கண்முன்னாலேயே காட்டியதுதான் தப்பு. சிட்டிபாபு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கிளிப்பச்சை, வெங்காயக் கலர், ராமர் பச்சை... காபி மூன்று முறை வந்தது. இருபத்திரண்டாவது நிறத்துக்குப் பிறகு, "மொதல்ல காட்டுன அரக்கே இருக்கட்டும்மா" என்று எழுந்து போனார்.

மறுவாரம் ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்தார். "ஸ்டைல்ஷீட்டுல கலரு சட்டுனு மாறிடுமாமே? சிட்டிபாபு சொல்லிக்கினு இருந்தாரு."

"எங்கிட்ட டேபிள்தான் சார்" என்றாள் சுகாசினி, திறந்திருந்த ஸ்டைல்ஷீட் கோப்பைச் சத்தமில்லாமல் மூடியபடி. "ரெண்டு நாள் ஆகும்."