இருபது பெட்டிக்கும் ஒரே லுங்கி

திருத்தணியிலிருந்து இருபது பேர் மலேசியா போனோம். தலைவர் என் அக்காள் கணவர்; நான் 'பாவா' என்று கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருப்பவர். ஒருமுறை விமானம் ஏறியதால் உலகமே தெரியும் என்ற நினைப்பு.

பெட்டி மாறாமலிருக்க அடையாளம் என்று, இருபது கறுப்புப் பெட்டிகளிலும் ஒரே பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் கிழித்துக் கட்டினார். நான் சர்க்கரை நோயாளி. "கைப்பையில ஊசி இருந்தா புடிச்சிப்பாங்க, பெட்டியில போடும்மா" என்றார். அந்த மேதையை நம்பி இன்சுலினைப் பெட்டியில் வைத்தேனே, என்னை என்ன சொல்வது!

கோலாலம்பூரில் பாதிப் பேர் கைக்குக் கிடைத்த பெட்டியோடு வேறு ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். அறையில் பெட்டியைத் திறந்தால் யாருடையதோ வேட்டியும் முறுக்கும் இருந்தன.

"பாவா, என் மருந்து எங்க?"

"தேடிகினுதான் இருக்கேன். எல்லாப் பெட்டியிலயும் லுங்கி கட்டிக்கீதே!" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

மாலைக்குள் நாக்கு வறண்டு, கண் இருட்டி விழுந்தேன். ஓட்டல்காரர்கள்தான் மருத்துவமனையில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள்.

இப்போதெல்லாம் இன்சுலினும் மருத்துவர் சீட்டும் என் கைப்பையில்தான். பெட்டி மீது என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

பாவா அடுத்து இலங்கைக்கு ஆள் சேர்க்கிறார். போன தடவை நடந்த தவறைத் திருத்திக்கொண்டாராம். இந்த முறை எல்லாருக்கும் சிவப்பு லுங்கி.