கன்னத்துக்கு வைத்த துண்டு

என் தாய்மாமா பொய் சொன்னார். அவர் நன்றாக நடமாடும்போதே இதை எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் கடைசியில் கொச்சிக் கடற்கரையில் பலூன் சுடும் கடை போடுவார். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மற்ற கடைகளில் பெரிய பலூன், வெறும் துப்பாக்கி. மாமாவிடம் எலுமிச்சை அளவு பலூன், துப்பாக்கி மேல் பூட்டிய தொலைநோக்கிக் குழல். அந்தக் குழலுக்காகவே கூட்டம் வரும்.

ஆள் சேர்க்க முதலில் என்னைச் சுடவிடுவார். எனக்கு அப்போது பத்து வயது. துப்பாக்கிக் கட்டையில் ஒரு துண்டை மடித்து வைப்பார். அதில் கன்னத்தை அழுத்தினால் கண் குழலுக்கு நேர் நடுவில் நிற்கும். ஓரத்தில் கறுப்பு விழாமல் வட்டம் முழுசாகத் தெரியும்வரை விசையைத் தொடாதே என்று பழக்கியிருந்தார். மூன்று குண்டு, மூன்று பலூன். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு துப்பாக்கியை அடுத்தவரிடம் கொடுப்பார். வியர்வை துடைக்க எடுக்கிறார் என்று நினைத்தேன்.

அந்த வருடம் என் அண்ணனும் கடைக்குச் சுட வந்தான். அடுத்த மாதம் பட்டாளத்துக்கு ஆளெடுப்பு. அதற்காகத் தினமும் விடியலில் ஓடிக்கொண்டிருந்தான். கூட ஓடும் பையன்களும் வந்திருந்தார்கள். அவன் சுட்ட ஆறு குண்டும் பலூனை ஒட்டியே பலகையில் பதிந்தன.

"குழலுக்கு என்னமோ குழப்பம் இருக்கு மாமா."

"குழலுக்கு ஒரு குழப்பமும் இல்லடா. உன் கைதான் நடுங்குது. நீ பட்டாளத்துல சேர்ந்தா எதிரி ஊருக்கே லட்டு கொடுப்பான்." என் பக்கம் திரும்பினார். "மோளே, வா. சேட்டனுக்குச் சுட்டுக் காட்டு."

துண்டு மறுபடி கட்டைக்கு வந்தது. ஒரே குண்டு. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் அண்ணன் ஓடவில்லை. ஆளெடுப்புக்கும் போகவில்லை. இப்போது வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். சாயா கிளாசைப் பிடிக்கும்போது இன்னும் தன் கையைப் பார்த்துக்கொள்கிறான்.

போன மாதம் அந்தத் துப்பாக்கியை மாமா வீட்டு ஜன்னலில் இரண்டு மணல் மூட்டைக்கு நடுவே இறுக்கி வைத்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பொட்டை ஒட்டினேன். துப்பாக்கி அசையவில்லை. என் தலையை மட்டும் நகர்த்தினேன். குழலுக்குள் இருக்கும் கூட்டல் குறி பொட்டைவிட்டு ஏறியது, இறங்கியது. வெகுதூரம் பார்க்கச் செய்த குழல் அது. கிட்டத்தில் கண் கொஞ்சம் விலகினாலும் குறி ஏமாற்றும். பாடப் புத்தகத்தில் அதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். மாமா கை நடுக்கம் என்று பெயர் வைத்தார்.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அண்ணனைவிட நான் நன்றாகச் சுடுகிறேன்.

மாமா, இந்த டிசம்பரிலும் கடை போடுவீர்கள். அண்ணனை நான் கூட்டி வருகிறேன். கோளாறு அவன் கையிலா, உங்கள் குழலிலா? அதே கடையில், கூட்டத்தின் முன்னால், சத்தமாகச் சொல்லுங்கள்.