சுவரில் ஒரு மகள்

தேவமலர் ஜெர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே ஒரு பழைய கோட்டையில் துப்புரவு வேலை செய்கிறாள். மண்டபச் சுவரில் அந்தப் பிரபு குடும்பத்தின் வம்ச மரம் தொங்குகிறது. ஆண்களுக்கெல்லாம் பெயரும் பட்டமும் உண்டு. ஒரு கட்டத்துக்குள் மட்டும் பெயரில்லாமல் வெறுமனே 'மகள்' என்று எழுதியிருக்கிறது. இரண்டு குடும்பத்துப் பகையை முடிக்க அவளைப் பன்னிரண்டு வயதில் எதிரியின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்களாம். பதினைந்தில் பிள்ளைப்பேற்றில் செத்துப்போனாள்.

இலங்கையில் போர் நடந்த காலம், வன்னியில் புலிகள் இயக்கம் படைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டபோது, கலியாணம் முடித்தவளை விட்டுவிடுவார்கள் என்று தேவமலரையும் பதினேழு வயதில் யாரோ ஒருவனுக்குக் கட்டிவைத்தார் தகப்பன். உயிரைக் காப்பாற்றினேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மனிக்கு வந்த பிறகும் அவன் அடித்தான். பத்து வருடம் பொறுத்தாள், பிறகு விட்டுவிட்டு வந்தாள்.

போன கிழமை தகப்பன் இறந்தார். கைபேசியில் வந்த மரண அறிவித்தலில் மகன்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திமார்கூட இருந்தார்கள். அவள் இல்லை. அண்ணனுக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

"புருசனை விட்டவளின்ரை பேரைப் போட ஏலாது. சனம் கதைக்கும்," என்றான் அவன்.

இன்று வம்ச மரத்தின் கண்ணாடியைத் துடைக்கும்போது அந்தக் கட்டத்தில் அவள் கை நின்றது.

"உன்னை மகள் எண்டாவது போட்டிருக்கினம்," என்றாள்.